கும்பத்தடியில் வைத்த லப்டொப்

அந்த லப்டொப்பைப் பெட்டியிலிருந்து தூக்கியபோது, உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறுங்கூட்டை அனுப்பிவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். பள்ளிப்பிள்ளை எழுதும் கொப்பியைத் தூக்குவதுபோல் இருந்தது. லண்டனில் இருக்கும் மச்சாள், என் மனைவியின் தமக்கை, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்துவிட்டது. அவளுடைய மகன் பள்ளிக்கூடத்துக்குப் பாவித்துவிட்டு மூலையில் போட்டிருந்தானாம். என்னுடைய பழைய கணினி சித்திரை மாதத்து மின்னல் ஒன்றோடு கருகிப் போயிருந்ததால், அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

திறந்து பார்த்தேன். இணையத்துக்குப் போகும் பிறவுசர் ஒன்று இருந்தது. அதை விட்டால் வேறு எதுவும் இல்லை. அங்கே தட்டினேன், இங்கே தட்டினேன். எதையாவது இறக்கி நிறுவலாம் என்றால் நிறுவுவதற்கு இடமே தராது. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். வாள், உளி, சுத்தியல் ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கும் பட்டறையில் தச்சனைக் கொண்டுபோய் விட்டால் அவன் என்ன செய்வான்?

பிழைக்கிறவன் என்று சொன்னேனே தவிர, அப்போது அது உறுதியில்லாத பிழைப்பு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஓர் அச்சகத்தில் கலியாணக் காட் அடிக்கப் போனவன் நான். அங்கிருந்த கணினியில் தொட்டுத் தொட்டுப் பழகி, பிறகு இணையத்தில் பாடங்களைப் பார்த்துப் பழகி, நாற்பதை எட்டிப்பிடிக்கும் வயதில்தான் நல்லூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். ரியூசன் சென்ரர் ஒன்றின் மேல்மாடி. கீழே பிள்ளைகள் இரசாயனம் பாடமாக்கும் சத்தம் எங்கள் மேசை வரைக்கும் கேட்கும். ஆளாளுக்குச் சொந்த மெசின் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நான் இதைக் கொண்டுபோய் மேசையில் வைத்ததும் கூட வேலைசெய்யும் பெடியள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

“அண்ணை, உது சின்னப் பிள்ளையள் படம் பாக்கிற சாமான்.”

“சும்மா இரடா. நல்ல தட்டையாக் கிடக்கு. அண்ணி மரக்கறி வெட்டலாம்.”

நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு எதையும் பார்த்துப் பயம். வாசலில் நாய் குரைத்தால் தந்தி வந்தது மாதிரி இருக்கும். தந்தி என்ற ஒன்றே இப்போது இல்லை என்பது வேறு விசயம். அதனால் இந்த இயந்திரத்தைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அதன் பூட்டைக் கழற்ற ஒரு வழி இருக்கிறது, கழற்றினால் மென்பொருள் எழுதத் தேவையான எல்லாவற்றையும் உள்ளே போடலாம் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் காணொளியில் காட்டியிருந்தார். அவர் ஒன்று செய்ய நான் ஒன்று செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கடைசியில் கழற்றிவிட்டேன். மெசின் பறந்தது. பெடியளும் வாயை மூடினார்கள்.

ஒரு கரைச்சல் மட்டும் இருந்தது. பூட்டைக் கழற்றிய பிறகு, முழுதாக அணைத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு வெள்ளைத் திரை வரும். அதில் பெரிய சிவப்பு ஆச்சரியக்குறி. பாதுகாப்புச் சோதனை நிறுத்தப்பட்டிருக்கிறது, திரும்பவும் போடுவதற்கு விசைப்பலகையின் ஸ்பேஸ் கட்டையை அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அழுத்தக்கூடாது. அழுத்தினால் இயந்திரம் தன்னைத்தானே கழுவித் துடைத்து, கடையிலிருந்து வந்த நாளில் இருந்தபடி ஆகிவிடும். உள்ளே நான் போட்ட எல்லாம் போய்விடும். பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு தரம் கீச்சிட்டுவிட்டு, கோபம் ஆறின ஆளைப்போல வழமைக்கு வந்துவிடும். அழிவைக் கொண்டுவரும் கட்டையை அழுத்து என்று இயந்திரமே சொல்வது எனக்கு முதலில் பெரிய அதிசயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வீட்டில் வேறு ஒருவரும் அதைத் தொடுவதில்லை, ஆகையால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

எனக்குக் கொடுத்திருந்த வேலை, ஒரு கலியாண மண்டபத்துக்கு நாள் பதிகிற மென்பொருள். கேட்க லேசாக இருக்கும். எங்கள் பக்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் புழங்குகிறது. ஒன்று நல்ல நாள் என்பதை மற்றது ஆகாது என்று சொல்லும். மண்டபத்துக்கு நாள் கேட்டு வருகிறவர்கள் எந்தப் பஞ்சாங்கக்காரர் என்று தெரியாமல் மண்டபக்காரர் படாத பாடு படுகிறாராம். ஆகவே இரண்டின்படியும் முகூர்த்த நாள்களைக் காட்ட வேண்டும். ஒரு வருசத்து நாள்களை இரண்டு பஞ்சாங்கத்திலும் பார்த்துக் கையாலேயே அடித்தேன். விசயதசமிக்கு அடுத்த நாள் மண்டபக்காரர் அலுவலகத்துக்கு வருவார், அவருக்கு நான் காட்ட வேண்டும். அவர் சரியென்றால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று எங்கள் முதலாளி நயமாகவே சொல்லியிருந்தார். சேர்ட்டிபிக்கேற் இல்லாத என்னை வேறு எந்த இடம் பார்க்கும்?

எழுதியதை அலுவலகத்தின் பொது இடத்துக்கு இணையத்தால் அனுப்பி வைப்பதைப் புஷ் பண்ணுவது என்போம். நவராத்திரி தொடங்க முதல் ஒருதரம் புஷ் பண்ணியிருந்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் லப்டொப்புக்குள்ளேயே கிடந்தது. அந்தப் பொது இடத்தைப் படித்த பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். கொஞ்சம் துப்புரவாக்கிவிட்டு அனுப்புவோம் என்று இருந்தேன். சரசுவதி பூசைக்கு முதல்நாள் பின்னேரம் எல்லாம் சரி என்று நினைத்து அனுப்பப் போகும் நேரம், கோப்பாய்ப் பக்கம் வானம் கறுத்து ஒரு முழக்கம். என்னுடைய கை அதுபாட்டுக்கு இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கியது. லப்டொப்பையும் முழுதாக அணைத்தேன். பழைய கணினி கருகிய மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

மழை ஓய்ந்ததும் அனுப்பலாம் என்று கிணற்றடிப் பக்கம் போய் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மேசையில் லப்டொப் இல்லை.

சாமியறையில் கும்பத்தடியில் இருந்தது. உரும்பிராயில் நாங்கள் இருப்பது மனைவியின் சீதன வீடு. மாமாவும் மாமியும் எங்களோடுதான். மாமி அதன்மேல் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, செவ்வரத்தம்பூ ஒன்றும் வைத்துவிட்டிருந்தார். பக்கத்தில் முன்பள்ளியில் படிப்பிக்கும் மனைவியின் புத்தகங்கள், மாமாவின் பேனை, பஞ்சாங்கங்கள், ஒரு மண்வெட்டி.

“மாமி, எனக்கு அதிலை ஒரு சின்ன அலுவல் கிடக்கு…”

“சரசுவதிக்கு வைச்சாச்சுத் தம்பி. இனி விசயதசமிக்குத்தான் எடுக்கிறது.”

“ஒரு நிமிசம் மாமி. ஒரு கட்டையை அமத்திப்போட்டுத் திருப்பி வைச்சிடுவன்.”

“மண்வெட்டியையும் அப்பிடித்தானே, ஒரு நிமிசம் கொத்திப்போட்டு வைக்கலாம்?”

மனைவி அடுப்படிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியை மீறி அதைத் தூக்க என்னால் முடியாது, அந்த வீட்டில் மாமாவாலும் முடியாது.

அடுத்த நாள் முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாமியறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தேன். சந்தனம் ஈரத்தோடு விளிம்பால் உள்ளே இறங்கிவிடுமோ? அவலுக்கும் சர்க்கரைக்கும் எறும்பு வந்து விசைகளுக்குள் குடியேறிவிடுமோ? குத்துவிளக்கு சரிந்தால்? ஊதுபத்திச் சாம்பல்?

“பக்தியாக் கும்பிடுறார் இந்த முறை,” என்று மாமி மகளிடம் மெச்சியது எனக்குக் கேட்டது.

“கும்பிடேல்லையம்மா, காவல் நிக்கிறார்,” என்றாள் மனைவி.

எறும்பை நினைத்தேன், நெருப்பை நினைத்தேன், இடியை நினைத்தேன். ஸ்பேஸ் கட்டையை மட்டும் நான் நினைக்கவே இல்லை.

விசயதசமி விடிந்தது. நல்ல நேரம் காலையிலேயே வருகிறது என்று மாமா முதலே பார்த்து வைத்திருந்தார். மாமா கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைத் தொடங்கினாலும் அவருடைய கையால் தொடங்கினால் விளங்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. வீட்டு அத்திவாரத்துக்கு நாள்கல்லு வைக்க, வெங்காயம் நட, கடை திறக்க என்று அவரைக் கூப்பிடுவார்கள். அவரும் சலவை வேட்டியோடு போவார். அன்று காலை நான் முழுகிவிட்டு வருவதற்குள், மருமகனுடைய தொழிலையும் தன் கையாலேயே தொடக்கிவைப்பது என்று அவர் முடிவெடுத்துவிட்டார்.

அந்த லப்டொப்பின் மூடியைத் திறந்தாலே போதும், வேறு ஒன்றும் அழுத்தாமலே அது எழும்பிவிடும்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். சாமியறையில் பாய் விரித்து, மாமா சம்மணம் போட்டு இருந்தார். மடியில் லப்டொப். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. மனைவி கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நின்றாள்.

“வாங்கோ தம்பி, வாங்கோ,” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. “நல்ல காலம் நான் திறந்தது. உங்கடை மெசினுக்குப் பாதுகாப்பு நிப்பாட்டியெல்லோ கிடந்தது! சிவப்பிலை போட்டுக் காட்டினது. நான் போட்டுவிட்டிட்டன்.”

துவாய் என் கையிலிருந்து விழுந்தது. விழுந்தது எனக்குத் தெரியாது, பிறகு மனைவி சொல்லித்தான் தெரியும்.

“எதை அமத்தினியள் மாமா?”

“ஸ்பேஸ் அமத்தச் சொன்னது, அமத்தினன். பிறகு சரியோ எண்டு கேட்டது. சரியெண்டு என்டர் அமத்தினன். இங்கிலீசு விளங்காமலே நான் சங்கக்கடை நடத்தினனான்?”

எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நீண்டுகொண்டிருந்தது. அது எதை அளந்தபடி நீள்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். கையை நீட்டினேன். நீட்டி என்ன செய்வது? நிறுத்தினாலும் போனது போனதுதான் என்று அந்த வெள்ளைக்காரரே சொல்லியிருந்தார். கோடு மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தது. திரை ஒருதரம் கறுத்தது. பிறகு அழகான நிறங்களோடு ஒரு பக்கம் வந்தது. நல்வரவு. உங்கள் மொழியைத் தெரிவுசெய்யுங்கள்.

“பாத்தியளே, வெல்கம் எண்டு சொல்லுது,” என்றார் மாமா. “விசயதசமியும் அதுவுமா.”

மாமி உள்ளங்கையில் அவல் வைத்தார். நான் அதை வாயில் போட்டு மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். விழுங்குவது எப்படி என்று மறந்துபோன மாதிரி இருந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“என்ன நடந்தது? ஏன் இப்பிடி வெளிறிப் போனியள்?”

“எல்லாம் போயிட்டுது.”

“எது?”

“மண்டபம். நாள் எல்லாம். எழுதினது எல்லாம் போயிட்டுது. நாளைக்கு நான் எதைக் காட்டுறது?”

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பாவாலையோ?”

“அவர் வேணுமெண்டே செய்தவர்? அவருக்குச் சொல்லாதேயும்.”

“சொல்லமாட்டன். நீங்கள் முதலிலை அந்தத் தங்கச்சிக்குப் போன் எடுங்கோ.”

தங்கச்சி என்று அவள் சொன்னது எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணை. என்னை விட வயதில் எவ்வளவோ குறைவு. அவள் அண்ணை என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவள் போனை எடுத்தபோது பின்னால் மேளமும் சின்னப் பிள்ளைகளின் அழுகையும் ஒன்றாகக் கேட்டன. தமக்கையின் பிள்ளைக்கு ஏடு தொடக்க, முதலெழுத்து எழுதுவிக்க, கோயிலுக்கு வந்து நின்றாள்.

“சத்தமாச் சொல்லுங்கோ அண்ணை! என்ன அழிஞ்சது?”

சத்தமாகச் சொன்னேன். மாமாவுக்குக் கேட்டுவிடுமோ என்று வாழைகளுக்குப் பின்னால் போய் நின்று சொன்னேன்.

“கடைசியா எப்ப புஷ் பண்ணினியள்?”

“கும்பம் வைக்க முதல்.”

மேளச் சத்தத்திலிருந்து அவள் விலகிப் போவது கேட்டது.

“அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. திருப்பிப் பூட்டைக் கழட்டிறன், அதை இறக்கிறன், இதை இறக்கிறன் எண்டு நிண்டியள் எண்டால் இண்டைக்குப் பொழுது போயிடும். உங்கடை மெசினிலை ஒண்டும் போடாதேங்கோ. எங்கடை சேர்வரிலை உங்களுக்கு ஒரு இடம் திறந்து விடுறன். பிறவுசருக்குள்ளையே எழுதலாம், ஓட்டிப் பாக்கலாம், எல்லாம் அங்கையே கிடக்கும். உது அதுக்கெண்டு செய்த மெசின்தானே. நீங்கள்தான் அதைப் பிடிச்சு வேறை மாதிரி ஆக்கி வைச்சிருந்தனீங்கள்.”

“பிறவுசருக்குள்ளையோ?”

“ஓம் பிறவுசருக்குள்ளை. பயப்பிடாம இருங்கோ. இவன் கத்திறான், நான் வைக்கிறன்.”

மேசைக்கு முன்னால் போய் இருந்தேன். அவள் அனுப்பிய இணைப்பைத் திறந்ததும், நான் இவ்வளவு நாளும் பார்த்துப் பழகிய அதே எழுதும் பக்கம் பிறவுசரின் ஒரு தாவலுக்குள் விரிந்தது. நவராத்திரிக்கு முந்திய என் மண்டபம் அரைகுறையாக அங்கே நின்றது. கூரை போடாத வீடு மாதிரி. நான் ஒரு வரி அடித்தேன். ஓடியது. எங்கே ஓடுகிறது? என் முன்னால் இருக்கும் இந்தக் கொப்பிக்குள் இல்லை. வேறு ஏதோ ஊரில், நான் காணாத ஏதோ ஒரு பெட்டிக்குள். அடுத்த வரியையும் அடித்தேன்.

ஒருமுறை எழுதியது கைக்கு ஞாபகம் இருந்தது. முதலில் தடுமாறித் தடுமாறி எழுதிய இடங்கள் இப்போது நேராக வந்தன. இடையில் ஒரு தரம் இணையம் நின்று, திரையின் மூலையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. நான் எழும்பி நின்றுவிட்டேன். ஐயோ, திரும்பவும் போச்சு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வட்டம் நின்றது. ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் எல்லாம் அப்படியே இருந்தது. அதை நம்ப முடியாமல் மேலிருந்து கீழ்வரை வாசித்துப் பார்த்ததில் கொஞ்ச நேரம் வீணாகப் போயிற்று.

நாள்கள்தான் பெரிய தலையிடி. அவை ஞாபகத்தில் நிற்குமா? இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்துத் திரும்ப அடித்தால் விடிந்துவிடும். மனைவி ஒன்றும் கேட்காமல் போய் மாமாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு வந்து மேசையின் இரண்டு பக்கமும் இருத்தினாள்.

“அப்பா வாக்கியத்தை வாசியுங்கோ. அம்மா திருக்கணிதத்தை வாசியுங்கோ. இவர் அடிப்பார்.”

“திருக்கணிதத்தையே முதல் போட்டால் மற்றது தேவைப்படாதே,” என்றார் மாமி.

“உம்முடைய திருக்கணிதத்தைப் பாத்து நடந்த கலியாணம் எத்தினை கவிண்டு போய்க் கிடக்கு, சொல்லட்டே?” என்றார் மாமா.

“எங்கடை கலியாணம் வாக்கியத்திலை பாத்ததுதானே? நான் பட்ட பாடு காணாதே?”

“அம்மா!”

வாசிக்கத் தொடங்கினார்கள். மாமா தை மாதத்து நல்ல நாள் ஒன்றைச் சொல்ல, மாமி அது ஆகாது என்று தன்னுடைய பஞ்சாங்கத்தை அவருடைய மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். நான் இரண்டையும் அடித்தேன். ஒருவர் சொன்னதற்குப் பச்சை, மற்றவர் மறுத்ததற்குச் செம்மஞ்சள். வேகமாகவே போனது. எனக்குக்கூட மூச்சு வந்தது.

பங்குனிக்கு வந்தபோது மாமா பஞ்சாங்கத்தை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, உந்த நாளெல்லாம் நீங்கள் முதலே அடிச்சனீங்களெல்லோ? என்ரை பஞ்சாங்கத்தை வாங்கிக்கொண்டுபோய்க் குந்தியிருந்து அடிச்சதை நான் கண்டனான். இப்ப ஏன் திருப்பி?”

நான் விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

“சொல்லன் பிள்ளை,” என்றார் மாமா, மகளிடம்.

“அழிஞ்சு போச்சப்பா.”

“என்னண்டு?”

அவள் வாயால் சொல்லவில்லை. சாமியறைப் பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான். மாமாவுக்கு விளங்கிவிட்டது.

அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காலையில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று அப்போதுதான் கண்டேன். உதடு கொஞ்சம் திறந்து, கண் ஓரிடத்தில் நின்று, ஆள் அங்கே இருந்தும் இல்லாத மாதிரி.

“நான் அமத்தினதாலையோ?”

நான் விசைகளிலிருந்து கையை எடுத்தேன்.

“அதுதானே அமத்தச் சொன்னது.”

“ஓம் மாமா. பிழை உங்கடையில்லை. அது அப்பிடித்தான் சொல்லும்.”

“ரண்டாம் தரமும் கேட்டது. நானெல்லோ சரியெண்டனான்.” பிறகு, “நாளைக்கெல்லோ உங்களுக்கு அலுவல்?”

“ஓம்.”

“வேலை?”

“அது நாளைக்குத்தான் தெரியும் மாமா.”

மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவருடைய கையைப் பிடித்துவிட்டாள். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தை எடுத்தார்.

“பங்குனியிலை எங்கை விட்டனான்?”

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு நாளையும் இரண்டு தரம் வாசித்தார். மாமி திருக்கணிதத்தில் என்ன சொன்னாலும் ஒரு மறுவார்த்தை சொல்லவில்லை. எதிர்க்க ஆள் இல்லாமல் மாமியின் குரலும் இறங்கிப் போயிற்று. நான் அடித்தேன். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியாக இரண்டு பஞ்சாங்கங்களை வாசித்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

அடுத்த நாள் காலை லப்டொப்பைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, நல்லூருக்குச் சைக்கிளில் போனேன். றோட்டில் பள்ளம் கிடங்கைக் கண்ட இடமெல்லாம் இறங்கி உருட்டினேன். மேலே ஏறிப் போனால், தங்கச்சி பெரிய திரைக்குப் பக்கத்தில் அலுவலகக் கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

“உதை வெளியாலை எடுக்காதேங்கோ அண்ணை, தேவையில்லை. இதிலையே திறவுங்கோ.”

என்னுடைய பெயரில் உள்ளே போனேன். என்னுடைய மண்டபம், மாமாவின் வாக்கியமும் மாமியின் திருக்கணிதமும், எல்லாம் நான் ஒருநாளும் தொட்டிராத அந்தக் கணினியில் பளிச்சென்று வந்து நின்றன. துவாயால் சுற்றி, கிடங்குக்கெல்லாம் இறங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த சாமானுக்குள் அவற்றில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்களுக்கு இது ஒரு விசயமே இல்லை. இனி நான் எதைக் காவல் காப்பது?

மண்டபக்காரர் வெற்றிலைச் சிவப்போடு வந்து கதிரையில் சாய்ந்தார். முதலாளி பக்கத்தில் நின்றார். நான் காட்டினேன். தை மாதத்தைத் திறக்கச் சொன்னார். ஒரே நாளில் பச்சையும் செம்மஞ்சளும் இருந்ததைக் கண்டு முன்னுக்குக் குனிந்தார்.

“உது ஆர் பாத்தது?”

“எங்கடை மாமாவும் மாமியும் ஐயா.”

“ஆர் வெண்டது?”

“ரண்டையும் போட்டிருக்கு ஐயா. வாறவை தங்கடையைப் பாத்துக்கொள்ளலாம்.”

சிரித்தார். முதலாளியும் சிரித்தார். பிறகு மண்டபக்காரர் திரையில் விரலால் தேடினார். இங்கே தேடினார், அங்கே தேடினார்.

“எல்லாம் சரி. பதிஞ்ச நாளை ரத்துச் செய்யிற பட்டன் எங்கை?”

அழிந்துபோனதில் அது இருந்தது. நேற்று எழுதியதில் அது இல்லை. நாள்களை அடிப்பதிலேயே நின்றதில் அதை மறந்தே போனேன். முதலாளியின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியதைக் கண்டேன். தங்கச்சி தரையைப் பார்த்தாள். கீழே ரியூசனில் ஏதோ சமன்பாட்டைப் பிள்ளைகள் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“இல்லை ஐயா,” என்றேன். “எழுதினனான். நேற்று மெசின் அழிஞ்சு போச்சு. திருப்பி எழுதினதிலை அது விடுபட்டுப் போச்சு.”

“ரத்துச் செய்யவே ஏலாதோ?”

“இப்ப ஏலாது ஐயா.”

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

“அப்பிடியே இருக்கட்டும்!” என்றார். “போடாதேங்கோ. பட்டன் இருந்தாலெல்லோ ரத்துச் செய்யச் சொல்லிக் கேப்பினம்? மெசினிலை அப்பிடியொண்டு இல்லை எண்டு காட்டிவிடலாம். ஒரு கலியாணம் குழம்பினால் பொம்பிளை பகுதி ஒரு பக்கம், மாப்பிளை பகுதி ஒரு பக்கம், என்ரை கழுத்திலைதான் வந்து நிக்கிறது.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எதையும் நம்பத் தயாராக இல்லாமல் நின்றேன். மண்டபக்காரர் போனபிறகு முதலாளி என் தோளில் தட்டி, “திங்கட்கிழமை வந்து கையெழுத்து வையுங்கோ,” என்று ஒரே வசனத்தில் முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றேன். தங்கச்சிதான் வந்து, “அண்ணை, விளங்கினதோ? உங்களை வைச்சுக்கொண்டினம்,” என்று திருப்பிச் சொன்னாள்.

படியில் இறங்கிப் பாதியில் குந்திவிட்டேன். மனைவியின் போனுக்கு எடுத்தேன். மணி ஒருதரம் முழுதாக அடிக்க முதலே எடுபட்டது. எடுத்தது மனைவி அல்ல. மற்றவர்களின் போனை ஒருநாளும் தொடாத மாமா.

“சொல்லுங்கோ தம்பி.”

“சரிவந்திட்டுது மாமா. நிரந்தரமாக்கிறினம்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் மாமி, என்னவாம், என்னவாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அழுவார் என்று நான் ஒருநாளும் நினைத்திருந்ததில்லை. போனைக் காதில் வைத்தபடி படியில் இருந்தேன்.

பிறகு அவருடைய குரல் வந்தது.

“வெய்யிலுக்கை ஓடி வராதேங்கோ தம்பி. அங்கையே கொஞ்சம் இருந்து, ஏதும் குடிச்சிட்டு, ஆறுதலா வாங்கோ.”